காகிதத்தில் சுழலும் காற்றாலை

ஈப்போவிலிருந்து கோலகங்சாரைத் தாண்டி லெங்கோங் பக்கம் போனால், ஓரிடத்தில் பேராக் ஆறு ஏரியாக விரிந்து கிடக்கும். செண்டேரோ அணை தேக்கிய தண்ணீர் அது. பேராக் ஆற்று நீர்மின் கம்பெனி கட்டிய அந்த அணை 1930இல் வேலைக்கு வந்தது. இன்றும் இயங்கும் மலேசிய நீர்மின் அணைகளில் ஆக மூத்தது அதுதான். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுக்கக் கட்டினார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1929இல், ராபர்ட் பார்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜெனரேட்டரின் மூன்று கம்பிச்சுருள்களில் நொடிக்கு நொடி ஏறி இறங்கும் மின்னோட்டங்களை வெளியே நின்று பார்த்தால் கணக்கு சிக்கலாகிறது. உள்ளே சுழலும் ரோட்டாரோடு சேர்ந்து சுழன்றபடி பார்த்தால் இரண்டு அச்சுகளுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது என்று அதில் காட்டினார். செண்டேரோவுக்கும் அந்தக் கட்டுரைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் செண்டேரோவின் ஜெனரேட்டர் ஒரு மின்னல் அடியைத் தாங்குமா என்று இன்று கணினியில் பார்க்கிற பொறியாளர் எடுப்பது பார்க்கின் சமன்பாடுகளைத்தான். அதே ஆற்றில் மேலே இருக்கும் தெமெங்கோர் அணைக்கும், கடலோரம் மஞ்சோங்கில் நிலக்கரி எரிக்கும் ஆயிரம் மெகாவாட் இயந்திரத்துக்கும் அவையே போதும். எண்கள் மாறும், சமன்பாடு மாறாது. பல பத்தாண்டுகள் மின்துறை நிம்மதியாகத் தூங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

காற்றாலை வந்தபோது அந்த நிம்மதி போயிற்று. எப்படிப் போயிற்று என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில், இந்தக் கணக்கை எதற்காகப் போடுகிறார்கள்? 1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை மாலை. திரெங்கானுவில் பாக்கா மின்நிலையத்துக்கு அருகே ஒரு மின்பாதையில் ஏற்பட்ட கோளாறு, தீபகற்ப மலேசியா முழுவதையும் இருட்டாக்கியது. வடக்கே பெர்லிஸ் முதல் தெற்கே ஜொகூர் வரை மின்சாரம் போய், திரும்பி வர இரவாகிவிட்டது. ஒரு மின்நிலையம் விழுந்தால் அதன் பளு மற்றவற்றின் தலையில் ஏறுகிறது. எல்லா இயந்திரங்களின் வேகமும் ஒன்றாகக் குறைகிறது, அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்குகிறது. ஓர் எல்லைக்குக் கீழே போனால் மற்ற நிலையங்களும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள விலகுகின்றன. இதெல்லாம் சில நொடிகளில் நடந்து முடிந்துவிடும். அந்த நேரத்தில் எந்த மனிதக் கையாலும் எதையும் தடுக்க முடியாது. அதனால் எந்தப் பாதை எங்கே அறுந்தால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஆயிரக்கணக்கான முறை ஒத்திகை பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. நிஜக் கம்பியில் ஷார்ட் சர்க்கியூட் உண்டாக்கிப் பார்க்க முடியாது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு கணித உருவம் எழுதி, அவற்றைக் கணினிக்குள் ஒரே மின்கட்டமாகக் கோத்து, அங்கே கம்பியை அறுத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கணித உருவத்துக்குப் பெயர்தான் மாதிரி.

செண்டேரோ போன்ற நிலையத்துக்கு இந்த மாதிரியை எழுதும்போது பொறியாளர் விவரிப்பது இரும்பையும் செம்பையும். ரோட்டாரின் எடை எவ்வளவு, சுருளின் மின்தடை எவ்வளவு, காந்தப்புலம் எத்தனை மில்லி நொடியில் தணிகிறது. இயந்திரம் கட்டப்பட்ட நாளில் இவையெல்லாம் முடிவாகிவிட்டன. அறுபது வருடம் கழித்துப் போய் அளந்தாலும் ஏறக்குறைய அதே எண்கள் கிடைக்கும். கட்டத்தில் மின்சாரம் திடீரென்று குறைந்தால், சுழன்றுகொண்டிருக்கும் அந்த எடையே தன் வேகத்தைக் கொஞ்சம் இழந்து, அந்த ஆற்றலை மின்சாரமாகக் கொடுத்துவிடுகிறது. யாரும் கட்டளை இட வேண்டியதில்லை.

காற்றாலைகளில் முதல் தலைமுறையை எழுதுவதும் இப்படி இரும்பும் செம்பும் சார்ந்த வேலையாகவே இருந்தது. தமிழ்நாட்டில் 1986இல் தூத்துக்குடிப் பக்கம் முதல் காற்றாலைகள் நின்றபோதும், பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் வரிசை வரிசையாக எழுந்தபோதும், அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருந்தது சாதாரணத் தூண்டல் இயந்திரம். ஆலைகளில் ஓடும் மோட்டார்தான் அது. மின்சாரம் கொடுத்தால் மோட்டார். காற்றைக் கொண்டு அதைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் ஜெனரேட்டர்.

பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த இயந்திரத்தின் குணம் தெரியும், பெயர் தெரியாமலே. ஆலையின் டீசல் இஞ்சினிலிருந்து தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு லைட் கொடுத்த காலத்தில், ஆலையில் ஒரு பெரிய மோட்டாரை முடுக்கினால் லயத்து பல்புகள் எல்லாம் ஒரு கணம் மஞ்சளாக மங்கிவிட்டுப் பிறகு தெளியும். தூண்டல் மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கிறது. அதில் பெரும்பகுதி வேலை செய்வதற்காக இழுப்பது அல்ல. தன் காந்தப்புலத்தைக் கட்டி எழுப்ப இழுப்பது. மின்துறையில் இதை ரியாக்டிவ் பவர் என்கிறார்கள். தொலைவிலிருந்து கம்பி வழியே அதை இழுக்கும்போது வழியெங்கும் மின்னழுத்தம் சரிகிறது.

முப்பந்தலுக்கு அருகே ஒரு பாதையில் மின்னல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்காகச் சரிகிறது. பாதுகாப்புக் கருவி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அந்தப் பாதையைத் துண்டித்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் காற்று நிற்கவில்லை. இறக்கைகள் தள்ளிக்கொண்டே இருக்கின்றன, தள்ளிய ஆற்றல் கட்டத்துக்குள் போக வழியில்லை, இயந்திரம் வேகமெடுக்கிறது. கோளாறு நீங்கியதும், வேகம் கூடிப்போன அந்தத் தூண்டல் இயந்திரம் முடுக்கிய மோட்டார் போலவே ரியாக்டிவ் பவரை வாரி இழுக்கிறது. நூற்றுக்கணக்கான காற்றாலைகள் ஒரே நேரத்தில் அப்படி இழுத்தால் மின்னழுத்தம் எழ முடியாமல் கிடக்கும். எழாததால் அவற்றின் வேகம் இன்னும் கூடும். லயத்து பல்பு தெளிந்துவிட்டது. இங்கே தெளியாமலே போய்விடலாம். ரியாக்டிவ் பவரைக் கொடுக்கக் கெப்பாசிட்டர்கள் வைத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். மின்னழுத்தம் பாதியானால் கெப்பாசிட்டர் தருவது கால்வாசி ஆகிவிடும். மிக வேண்டிய நேரத்தில் அது கைவிடுகிறது.

இந்த முதல் தலைமுறையிலேயே மாதிரி எழுதியவர்கள் ஒரு பெரிய பாடம் படித்தார்கள். நீராவி டர்பைனும் அதன் ஜெனரேட்டரும் மிக விறைப்பான தண்டால் இணைந்தவை. நிலைப்புத்தன்மைக் கணக்கில் இரண்டையும் ஒரே எடையாக எழுதினால் பெரும்பாலும் தவறில்லை. அதே பழக்கத்தில் காற்றாலையையும் ஒரே எடையாக எழுதினார்கள். காற்றாலையில் இறக்கைகளின் எடை பெரியது, ஜெனரேட்டரின் எடை சிறியது, இடையில் கியர்பாக்ஸோடு கூடிய தண்டு ஒப்பளவில் நெகிழ்வானது. ஓடும்போது அது முறுக்கேறியே இருக்கிறது. கோளாறு வந்து மின்சாரம் போக வழி அடைபட்டதும், முறுக்கில் தேங்கியிருந்த ஆற்றல் எல்லாம் சிறிய எடையான ஜெனரேட்டரின் மேல் பாய்ந்து அதை இன்னும் வேகமாக்குகிறது. பிறகு நொடிக்கு ஒன்று, இரண்டு முறை என்று முன்னும் பின்னுமாக ஆடுகிறது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2003இல் ஆய்வை முடித்த விளாடிஸ்லாவ் அக்மதோவ் போன்றவர்கள் இதை வலியுறுத்தினார்கள்: தண்டை விட்டுவிட்டு எழுதிய மாதிரி, உண்மையில் கவிழும் கட்டத்தைத் தாங்கும் என்று சொல்லிவிடும். இரண்டு எடைகளும் நடுவில் ஒரு நெகிழ்வும் என்று எழுதினால் போதும், விடை திருந்திவிடுகிறது. ஓரிரு எண்களைச் சேர்ப்பதுதான் வேலை. எதைச் சேர்க்க வேண்டும், எதை விடலாம் என்று தெரிவதுதான் இந்தத் துறையில் திறமை.

மாதிரி எழுதுகிறவர்கள் காற்றாலைகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை மேலே சொன்னது. இரண்டாம் வகை அதில் ரோட்டாருக்கு ஒரு மாறும் மின்தடையைச் சேர்த்தது. அதில் நிற்க வேண்டியதில்லை. மூன்றாம் வகையில் ரோட்டாரின் சுருளுக்கு மின்னணுக் கன்வெர்ட்டர் ஒன்று தனியாக மின்னோட்டம் கொடுக்கிறது. மொத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அந்தக் கன்வெர்ட்டர் இருந்தால் போதும். நான்காம் வகையில் ஜெனரேட்டரின் மின்சாரம் முழுவதும் கன்வெர்ட்டர் வழியாகத்தான் வெளியே வருகிறது. இங்கே கட்டத்தின் கண்ணுக்கு இறக்கையும் தெரியாது, தண்டும் தெரியாது. மேலே நூறு டன் எடை சுழன்றுகொண்டிருந்தாலும், கட்டம் பார்ப்பது கீழே கோபுரத்துக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டியைத்தான்.

அந்தப் பெட்டி என்ன செய்யும்? அதன் மென்பொருள் சொன்னதைச் செய்யும். மின்னழுத்தம் சரிந்தால் எவ்வளவு ரியாக்டிவ் பவர் கொடுப்பது, எத்தனை மில்லி நொடி பொறுப்பது, எப்போது விலகிக்கொள்வது, மீண்ட பிறகு எந்த வேகத்தில் பழைய உற்பத்திக்குத் திரும்புவது - இவையெல்லாம் யாரோ ஒரு பொறியாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய முடிவுகள். இரும்பை அளந்தால் உண்மை தெரியும். முடிவை, எழுதியவர் சொன்னால்தான் தெரியும். அடுத்த மாதம் மென்பொருளைப் புதுப்பித்தால் அதே கோபுரம், அதே இறக்கை, ஆனால் வேறு இயந்திரம். செண்டேரோவுக்கு இந்தக் கதி வரவே வராது.

இது வெறும் தத்துவக் கவலை இல்லை என்பதை 2016 செப்டம்பர் 28 காட்டியது. தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் அன்று பிற்பகல் கடும் புயல். மாநிலத்தின் மின்தேவை சுமார் 1,826 மெகாவாட். அதில் காற்றாலைகள் 883, எரிவாயு நிலையங்கள் 330, பக்கத்து விக்டோரியா மாநிலத்திலிருந்து ஹேவுட் உள்ளிட்ட இணைப்புகள் வழியே வந்தது 613. சுழற்காற்றுகள் 275 கிலோவோல்ட் கோபுரங்களைச் சாய்த்தன. இரண்டு நிமிடத்துக்குள் மின்னழுத்தம் ஆறு முறை சரிந்தது. ஒவ்வொரு சரிவையும் காற்றாலைகள் தாங்கின. தாங்கும் என்றுதான் மாதிரிகளும் சொல்லியிருந்தன. ஆனால் ஒன்பது காற்றாலைப் பண்ணைகளின் மென்பொருளில் இன்னொரு விதி இருந்தது: குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை சரிவுக்கு மேல் வந்தால் உற்பத்தியைக் குறை, அல்லது நின்றுவிடு. இயந்திரத்தைத் தேய்மானத்திலிருந்து காப்பாற்ற உற்பத்தியாளர் வைத்த விதி. அது நியாயமான விதிதான். ஆனால் கட்டத்தை நடத்தும் அமைப்புக்கு அது தெரியாது. அவர்களிடம் கொடுக்கப்பட்ட மாதிரிகளில் அந்த எண்ணிக்கை இல்லை.

எண்ணிக்கை நிரம்பியதும் ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் போயிற்று. அந்தப் பளு முழுவதும் ஹேவுட் இணைப்பின் மேல் விழுந்தது. ஒரு நொடி கூட ஆகவில்லை, இணைப்பு அறுந்தது. தனித்துப்போன மாநிலத்தில் சுழலும் எடை மிகக் குறைவு. அதிர்வெண் நொடிக்கு சுமார் 6 ஹெர்ட்ஸ் வேகத்தில் விழுந்தது. அதிர்வெண் விழுந்தால் ஊர் ஊராகத் துண்டித்துக் கட்டத்தைக் காப்பாற்றும் தானியங்கிக் கருவிகள் உண்டு. அவை வேலை செய்ய நேரமே இருக்கவில்லை. மாலை 4 மணி 18 நிமிடத்துக்கு மாநிலம் முழுவதும் இருண்டது. சுமார் 8,50,000 மின் இணைப்புகள்.

இந்த நிகழ்ச்சியை வைத்து காற்றாலையே கூடாது என்று பேசியவர்கள் அப்போது நிறையப் பேர். நான் அதை ஏற்கவில்லை. அந்த எண்ணை மாற்றுவது மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்றுவது மட்டுமே. பிறகு மாற்றவும் செய்தார்கள். கோபுரம் சாய்ந்தது புயலால். ஆனால் மாநிலமே இருண்டதற்கு, மாதிரியில் இல்லாமல் போன ஒரு வரியும் காரணம். முன்பே அந்த வரி இருந்திருந்தால் ஒத்திகையில் அது கண்ணில் பட்டிருக்கும். அன்று புயல் வருவதற்குள் ஹேவுட்டில் வரும் மின்சாரத்தைக் குறைத்து வைத்திருக்கலாம்.

மூன்று ஆண்டு கழித்து, 2019 ஆகஸ்ட் 9 அன்று, இங்கிலாந்தில் ஒரு மின்பாதையில் மின்னல் விழுந்தது. அது அன்றாடம் நடப்பது. ஆனால் கடலில் இருந்த ஹார்ன்சீ காற்றாலைப் பண்ணையில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் ஆட்டம் கண்டு, 737 மெகாவாட் நொடிகளில் போயிற்று. வேறொரு எரிவாயு நிலையமும் அதே நேரத்தில் தடுமாறியது. அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அந்த மென்பொருளை மறுநாளே திருத்திவிட்டார்கள்.

அப்படியானால் நல்ல மாதிரி எங்கிருந்து வரும்? இங்கே இரண்டு கட்சி உண்டு. உற்பத்தியாளர் தன் மென்பொருளையே பூட்டிய பெட்டியாகக் கொடுப்பார்: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, ஆனால் நிஜ இயந்திரம் நடப்பது போலவே நடக்கும். மறுபக்கம், அமெரிக்காவின் மேற்குப் பகுதி மின்கட்டமைப்பினர் வகுத்த பொது மாதிரிகள். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமும் 2015இல் காற்றாலை மாதிரிகளுக்குத் தரநிலை ஒன்றை வெளியிட்டது. பொது மாதிரியைத் திறந்து படிக்கலாம், எந்த மென்பொருளிலும் ஓட்டலாம், முப்பது ஆண்டுத் திட்டமிடலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒவ்வோர் உற்பத்தியாளரின் தனிக் குணமும் வராது. ஆஸ்திரேலியாவின் எண்ணிக்கை விதி எந்தப் பொது மாதிரியிலும் தானாக இருந்திருக்காது. என் கருத்தில் இரண்டும் வேண்டும்; ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் நேரத்தின் அளவு. வழக்கமான நிலைப்புத்தன்மைக் கணக்கு, மின்னலையின் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்தையும் பார்ப்பதில்லை; அலையின் உயரமும் கோணமும் எப்படி மாறுகின்றன என்று மட்டும் பார்க்கிறது. அதனால்தான் ஒரு நாட்டின் கட்டம் முழுவதையும் ஒரு கணினியில் ஓட்ட முடிகிறது. இரும்பு மெதுவாக அசையும். அதற்கு இது போதும். கன்வெர்ட்டர் ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. 2009இல் டெக்சாஸின் தெற்கே, கெப்பாசிட்டர் தொடராகப் பூட்டிய நீண்ட பாதை ஒன்றின் முனையில் மூன்றாம் வகைக் காற்றாலைகள் தனித்து மாட்டிக்கொண்டன. கன்வெர்ட்டரும் பாதையும் ஒன்றையொன்று தூண்டி, கண் இமைக்கும் நேரத்துக்குள் மின்னோட்டம் பெருகி கருவிகள் சேதமாயின. வழக்கமான கணக்கில் இது தெரியவே தெரியாது. அலையை மைக்ரோ நொடி மைக்ரோ நொடியாக வரையும் கணக்கில்தான் தெரியும். அது பல மடங்கு மெதுவாக ஓடும். அதனால் எந்த மூலைக்கு எந்தக் கணக்கு என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கட்டம் பலவீனமாக இருக்கும் நீண்ட பாதையின் கடைசி முனையில் கன்வெர்ட்டர்கள் குவிந்திருந்தால், மெதுவான கணக்கைத் தவிர்க்க முடியாது.

தமிழ்நாட்டில் இந்த வேலை இன்னும் கடினம், ஏனென்றால் அங்கே எல்லாத் தலைமுறைகளும் ஒரே காட்டில் நிற்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று வீசும்போது 5,000 மெகாவாட்டுக்கு மேல் வந்து கொட்டுகிறது. 2014 ஏப்ரலுக்குப் பிறகு உயர் அழுத்தப் பாதையில் இணையும் காற்றாலைகள், மின்னழுத்தம் 15 விழுக்காட்டுக்குச் சரிந்தாலும் 300 மில்லி நொடி விலகாமல் நிற்க வேண்டும் என்று இந்தியாவின் மத்திய மின்சார ஆணையம் விதி செய்தது. அதற்கு முன் நட்டவை பல அந்த விதிக்கு வெளியே. ஒரு துணைமின் நிலையத்தில் பழைய தூண்டல் இயந்திரங்களும் புதிய கன்வெர்ட்டர்களும் கலந்து சேர்கின்றன. கணக்கு சுருக்கமாக இருக்கட்டும் என்று நூறு காற்றாலைகளை ஒரே பெரிய காற்றாலையாக எழுதுவது வழக்கம். ஒரே வகை என்றால் சரி. இங்கே அப்படிச் சுருக்கினால், பாதி விலகிப் பாதி தாங்கும் நிலை காணாமல் போய்விடும். வகைக்கு ஒன்றாகவாவது பிரித்து எழுத வேண்டும்.

பேராக்கில் பெரிய காற்றாலை கிடையாது. தீபகற்பத்தின் நிலப்பகுதியில் காற்று அதற்குப் போதாது. பிறகு ஏன் ஈப்போவில் உட்கார்ந்து இதை எழுத வேண்டும்? நான்காம் வகைக் காற்றாலைக்கு எழுதிய பொது மாதிரியைத்தான், இறக்கைப் பகுதியைக் கழற்றிவிட்டு, சூரியப் பண்ணைக்கும் பயன்படுத்துகிறார்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் காற்று இருந்தாலும் வெயில் இருந்தாலும் கட்டத்துக்கு ஒன்றுதான். 2050க்குள் மின்திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று மலேசிய அரசு 2023இல் அறிவித்தது. நீர்மின் போக, அதில் பெரும்பகுதி வெயில்தான். ஒருகாலத்தில் பால்மரம் நின்ற நிலங்களில் சூரியத் தகடுகள் வரும்போது, தோட்டத்துக்குள்ளே ஓடும் மெல்லிய பாதைகளின் முனையில் கன்வெர்ட்டர்கள் குவியப்போகின்றன. மஞ்சோங்கின் கனத்த ரோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெறும்போது, அவை சும்மா தந்துகொண்டிருந்த சுழலும் எடையும் போய்விடும். அந்த இடத்தை நிரப்பப்போவது மென்பொருள்.

அதனால் இந்த மாதிரிகளைச் சோதிக்கும் ஒரு முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பண்ணையின் வாசலில், மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பதிவு செய்யும் கருவி ஒன்றை வைக்கிறார்கள். எங்காவது மின்னல் விழுந்து மின்னழுத்தம் சரியும்போது, அந்தச் சரிவின் பதிவை அப்படியே எடுத்துக் கணினியில் உள்ள மாதிரிக்கு ஊட்டுகிறார்கள். மாதிரி எவ்வளவு மின்சாரம் கொடுத்திருப்பேன் என்கிறது, நிஜப் பண்ணை எவ்வளவு கொடுத்தது - இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்க்கிறார்கள். உலகிலேயே இடி மின்னல் மிகுந்த நாடுகளில் ஒன்று மலேசியா. வேறு நாட்டுப் பொறியாளர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து பெறும் இந்தப் பதிவு, கிந்தாப் பள்ளத்தாக்கில் ஒரு பிற்பகல் மழையிலேயே கிடைத்துவிடும். கோடுகள் விலகினால் மாதிரியைத் திருத்த வேண்டும். மென்பொருளைப் புதுப்பித்தால், பதிப்பு எண்ணை மாதிரியோடு சேர்த்து எழுதிவைத்து, அடுத்த இடிக்கு மறுபடி கோடு வரைய வேண்டும்.